சத்தமில்லாத சென்சார்

வீடும் வயரும் – 17

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் உள்ள பிரகதீஸ்வரர் கோயில், வழிபாடு நின்றுபோய்ப் பூட்டிக் கிடந்த கோயில். 2006-இல் அங்கிருந்த செப்புத் திருமேனிகள் களவு போயின. விஷயம் வெளியே தெரிந்தது 2008-இல். நடுவில் அந்த வழியாகப் போனவர்கள், கதவு மூடித்தானே இருக்கிறது, உள்ளே சாமியும் இருப்பார் என்று கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அவற்றில் ஒருவரான, கான்பெராவின் தேசியக் கலைக்கூடம் வாங்கியிருந்த நடராஜர், 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபோட்டுடன் இந்தியா திரும்பினார். கூடவே வந்தவர் நம்ம விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயிலின் கல் அர்த்தநாரீஸ்வரர். அவர் 2004-லேயே சிட்னியில் ஒரு கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டிருந்தார்.

விருத்தாசலத்துக்கு அடுத்த பெண்ணாடத்தில் இன்று பூட்டிக் கிடக்கும் வீடுகள் உண்டு. பிள்ளைகள் சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருப்பார்கள்; பெற்றோர் ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே. "கதவு திறந்தால் போனுக்குச் செய்தி வர வேண்டும், அதற்கு எந்த சென்சார் வாங்கலாம்?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். இந்த வாரம் அதைப் பார்ப்போம். வெப்பநிலை சென்சாரையும் சேர்த்தே பார்த்துவிடலாம். இரண்டுக்கும் நோய் ஒன்றுதான்.

கடையில் பேச்சு இப்படிப் போகும். "ஐயா, ரெண்டு வருஷத்துக்கு பேட்டரியே மாத்த வேணாம்." சரி, வாங்குபவர் திருப்பிக் கேட்க வேண்டியது: "பேட்டரி தீர்ந்து செத்துப்போச்சுன்னா எனக்கு எப்படித் தம்பி தெரியும்?"

பல சென்சார்களில் இதற்குப் பதில் கிடையாது. கதவு மூடியிருக்கும்வரை சென்சார் ஒன்றும் சொல்லாது. பேட்டரி தீர்ந்த சென்சாரும் ஒன்றும் சொல்லாது. செயலியைத் திறந்தால் இரண்டுக்கும் ஒரே பச்சை நிறத்தில் 'மூடியுள்ளது' என்று இருக்கும். ஸ்ரீபுரந்தான் கதவும் இரண்டு வருடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டவர்கள் சூளை வைத்திருப்பவர்கள். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மையும் ஃபியூஸ் கேரியரும் வேகும் சூளைக்குள் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடு. அதை அளப்பது தெர்மோகப்பிள் என்னும் இரட்டை உலோகக் கம்பி. அந்தக் கம்பி வெந்து வெந்து ஒருநாள் அறுந்துபோகும். அறுந்ததும் கன்ட்ரோலர் பூஜ்யம் காட்டினால் என்ன ஆகும்? சூளை ஆறிவிட்டது என்று நினைத்து மேலும் மேலும் சூடேற்றும். உள்ளே இருக்கும் சரக்கு முழுவதும் உருகி ஒட்டிக்கொள்ளும். அதனால் நல்ல கன்ட்ரோலரில் கம்பி அறுந்தால் முள் உச்சத்துக்கு ஓடும். சூடேற்றுவது தானாக நின்றுவிடும். பழுது வந்தால் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். அதோடு விடுவதில்லை. ஜெர்மனியின் ஹெர்மன் ஸெகர் 1886 வாக்கில் உருவாக்கிய கூம்புகளையும் உள்ளே நிறுத்துவார்கள். களிமண்ணும் கனிமங்களும் கலந்த சின்னக் கூம்பு, உரிய சூட்டை வாங்கியதும் தலை சாயும். பார்க்கும் துவாரம் வழியே கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். மின்சாரக் கம்பிக்கு ஒரு மண் சாட்சி.

இன்னொன்று. மலிவான வெப்பநிலை சென்சார்கள் பலவற்றில் அளக்கும் வேலையைச் செய்வது தெர்மிஸ்டர். மாங்கனீஸ், நிக்கல் போன்ற உலோகங்களின் ஆக்ஸைடுகளை அழுத்திச் சூளையில் வேகவைத்த சிறு மணி அது. சூடு ஏறினால் அதன் மின்தடை குறையும். கதவு சென்சாரோடு வரும் காந்தம் கறுப்பாக இருந்தால் அது பெரும்பாலும் ஃபெரைட். அதுவும் சுட்ட பீங்கான் வகைதான். சைரனுக்குள் கத்தும் தகடும் அப்படியே. செராமிக் படிப்பதற்கென்றே கல்வி நிலையம் இருக்கிற விருத்தாசலத்துக்கு இவையெல்லாம் அந்நியச் சரக்கு என்று நினைக்க வேண்டாம்.

வாங்கும்போது முதல் சோதனை சுலபம். சென்சாரைச் செயலியில் சேர்த்துவிட்டு, பேட்டரியைக் கழற்றி வையுங்கள். எத்தனை மணி நேரத்தில் செயலி 'இணைப்பு இல்லை' என்று காட்டுகிறது என்று பாருங்கள். ஜிக்பீ என்னும் ரேடியோ முறையில் பேசும் சென்சார்கள் பலவும் ஏறக்குறைய மணிக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று ஒரு குரல் கொடுக்கும். அந்தக் குரல் நின்றால், சென்சார்களின் செய்தியை வாங்கும் பெட்டியான ஹப், அது நல்லதாக இருந்தால், கண்டுபிடித்துச் சொல்லிவிடும். மறுநாள் ஆகியும் பச்சையே காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விலையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

இந்தச் சோதனையில் பெரும்பாலும் தோற்பது 433 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் மலிவு வகை. கதவு திறந்ததும் தன் எண்ணை ஒருமுறை வானத்தில் வீசிவிட்டு அமைதியாகிவிடும். யாருக்காவது கேட்டதா என்று பார்க்காது. அதில் அதிகம் புழங்கும் சிப்பில் மொத்தமே சுமார் பத்து லட்சம் எண்கள்தான், அதுவும் மாறாத எண். பக்கத்தில் நின்று பதிவு செய்து திரும்ப வீசுவது கல்லூரி மாணவனுக்கே கைவந்த வேலை. ஆட்டுக்கொட்டகைக்கு மாட்டலாம், வாசற்கதவுக்கு வேண்டாம்.

வைஃபை சென்சாருக்கு ஹப் தேவையில்லை என்பது கவர்ச்சிதான். ஆனால் ஒவ்வொரு முறையும் தூக்கத்திலிருந்து எழுந்து, ரவுட்டரைத் தேடிப் பிடித்துச் செய்தி அனுப்புவதற்குள் பேட்டரியை நன்றாக உறிஞ்சிவிடும். நாளுக்கு நாற்பது முறை திறக்கும் வாசற்கதவுக்கு அது சரிப்படாது. ஜிக்பீ, ப்ளூடூத், புதிதாக வந்திருக்கும் த்ரெட் ஆகியவை இந்த விஷயத்தில் சிக்கனம்.

இசட்-வேவ் என்னும் இன்னொரு ரேடியோ முறையும் நல்ல தொழில்நுட்பம்தான், ஆனால் அமெரிக்காவிலிருந்து வரும் தம்பியிடம் வாங்கிவரச் சொல்லாதீர்கள். அங்கே அது 908 மெகாஹெர்ட்ஸில் பேசும். இந்தியாவில் அந்த இடம் செல்போன்களுக்குரியது. நமக்கு உரிமமில்லாமல் அனுமதித்திருப்பது 865-ஐ ஒட்டிய பட்டை. அமெரிக்க சென்சாரும் இந்திய ஹப்பும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் ஜிக்பீக்கு உலகம் முழுக்க ஒரே அலைவரிசை என்பதால் இந்தத் தொல்லை இல்லை.

ஜிக்பீயில் வேறு ஒரு கண்ணி இருக்கிறது, நம் ஊருக்கென்றே வைத்தது போல. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், கம்பி கட்டிய கான்கிரீட் தளம், மூலையில் இரும்பு பீரோ: இவற்றைத் தாண்டுவதற்குள் அலை தேய்ந்துவிடும். அதனால் நடுவில் ஒரு ஸ்மார்ட் பிளக்கை மாட்டினால் அது செய்தியை வாங்கி அடுத்த அறைக்குக் கடத்தும் என்பார்கள். கடத்தும், கரன்ட் இருக்கும்வரை. பேட்டரியில் ஓடும் சென்சார்கள் மற்றவர் செய்தியைக் கடத்துவதில்லை. மின்சாரத்தில் ஓடுபவைதான் கடத்தும். கரன்ட் போனதும் அந்தப் பிளக் செத்துவிடும். வாசல் சென்சார் உயிரோடு இருந்தும் ஊமையாகிவிடும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது கடலூர் மாவட்டத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. வீடு பூட்டிக் கிடக்கையில் காவல் வேண்டியது அந்த மாதிரி இரவில்தான். ஆகவே ஹப், ரவுட்டர், கடத்தும் பிளக் மூன்றும் இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும். எலெக்ட்ரீஷியனிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் சுவரை உடைக்க வேண்டிவரும். இன்டர்நெட் இல்லாமலேயே சைரனை ஊத வைக்கும் ஹப்பாக இருந்தால் இன்னும் நல்லது.

இனி கதவு. சென்சாருக்குள் இருப்பது ரீட் சுவிட்ச்: கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய இரும்புக் கலவைத் தகடுகள். காந்தம் அருகில் வந்தால் அவை ஒட்டிக்கொள்ளும், விலகினால் பிரியும். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வால்டர் எல்வுட் 1936-இல் உருவாக்கியது. இன்றுவரை அதைவிட எளிமையாக யாரும் செய்துவிடவில்லை. கோடிக்கணக்கான முறை ஒட்டிப் பிரிந்தாலும் அலுத்துப்போகாத பொருள் அது. கெடுவது அதைச் சுற்றியிருப்பவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரக்கதவு ஊதி நிலையோடு பிடித்துக்கொள்ளும். சித்திரையில் சுருங்கி ஆடும். காந்தத்துக்கும் சென்சாருக்கும் இடையே ஒன்றரை சென்டிமீட்டர் வரைதான் பொறுக்கும் என்றால், மழைக்காலத்தில் ஒட்டி வைத்த சென்சார் கோடையில் காற்றுக்கெல்லாம் 'கதவு திறந்தது' என்று கூப்பாடு போடும். நாலு முறை பொய் சொன்னால் ஐந்தாம் முறை யாரும் போனை எடுக்க மாட்டார்கள். கோடையில், கதவைத் தாழிட்டு ஆட்டிப் பார்த்து, அதிகபட்ச இடைவெளிக்கும் தாங்குகிறதா என்று பார்த்து மாட்டுங்கள். இரும்புக் கதவு காந்தத்தின் வீச்சைப் பாதியாகக் குறைத்துவிடும். இடையில் மரக்கட்டை ஒன்று வைக்க வேண்டும். பழைய வீட்டு இரட்டைக் கதவில் முதலில் திறக்கும் பக்கத்தில்தான் காந்தம் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் தனித்தனியாகத் திறக்குமானால் இரண்டு சென்சார். டபுள் சைடு டேப்பை நம்பாதீர்கள், மேற்குப் பார்த்த வாசலில் அது மே மாதத்தைத் தாண்டாது. சின்ன ஸ்க்ரூ போதும்.

வெப்பநிலை சென்சாரில் ஆளை மயக்குவது புள்ளிக்குப் பின் வரும் எண். 31.47 டிகிரி என்று காட்டும் சென்சாரின் உண்மையான பிழை இரண்டு டிகிரியாக இருக்கலாம். டி.எச்.டி. 11 என்ற மலிவுச் சிப்பில் அதுதான் கணக்கு. ஸ்விஸ் நிறுவனமான சென்ஸிரியானின் எஸ்.எச்.டி. வகைச் சிப்பில் அரை டிகிரிக்கும் கீழே. ஏ.சி. போடலாமா என்று தெரிந்துகொள்ள முன்னது போதும். பிரிட்ஜில் இன்சுலின் வைத்திருப்பவருக்குப் போதாது. அதற்கு 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே போய் உறைந்தால் மருந்து வீண்.

இதற்கு நல்ல முன்மாதிரி அரசிடமே இருக்கிறது. தடுப்பூசிக் குளிர்பெட்டிகளைக் கண்காணிக்கும் ஈ-வின் திட்டத்தில் சென்சார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, மணிக்கு ஒருமுறை செல்போன் வலையமைப்பு வழியாக மையத்துக்கு அனுப்புகிறது. எல்லை மீறினால் பொறுப்பாளருக்குச் செய்தி போகிறது. கட்டடத்தின் வைஃபையை அது நம்பியிருக்கவில்லை. வீட்டில் அவ்வளவு வேண்டாம். ரேடியோ பெட்டி வெளியே இருக்க, மெல்லிய வயரின் முனையில் அளக்கும் முள் உள்ளே போகும் வகையாக வாங்குங்கள். பிரிட்ஜின் ரப்பர் விளிம்பு அந்த வயருக்கு வழிவிடும், குளிரில் பேட்டரியும் சோராது, இரும்புப் பெட்டி அலையையும் விழுங்காது. முனையைச் சின்னத் தண்ணீர் பாட்டிலுக்குள் போட்டு வைத்தால், பால் எடுக்கத் திறக்கும்போதெல்லாம் எண் துள்ளாது. மருந்துக்கு எவ்வளவு சூடு ஏறியது என்பது ஏறக்குறையத் தெரியும்.

சரிபார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். நொறுக்கிய ஐஸ் நிறைந்த தண்ணீர் பூஜ்யம் டிகிரி; முனையை அதில் வைத்து எவ்வளவு தப்புகிறது என்று குறித்துக்கொள்ளலாம். ஈரப்பதத்துக்குச் சமையல் உப்பு. கூழாகும் அளவுக்குக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஒரு மூடியில் வைத்து, சென்சாரையும் சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு நாள் மூடி வையுங்கள். உப்பு சென்சாரின் மேல் படக்கூடாது. உள்ளே 75 சதவீதத்துக்கு அருகில் நிற்கும். சென்சார் 62 என்று காட்டினால் எவ்வளவு கூட்டிக்கொள்ள வேண்டும் என்று தெரிந்துவிடும். செயலியில் அந்தத் திருத்தத்தைப் பதிய வசதி இருக்கிறதா என்று மட்டும் வாங்கும்முன் கேட்டுவிடுங்கள்.

அடுத்த வாரம்: ஹப்பும் ரவுட்டரும் இன்வெர்ட்டரில் எத்தனை மணி நேரம் தாங்கும், கணக்கோடு.

(தொடரும்)