விளக்கு வேண்டாம், கண்ணாடி போதும்! வேதிவினையைத் தடம் மாற்றிய குட்டி அறை

தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ ஏதாவது ஒரு சலூன் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி. உங்கள் முகம் வரிசை வரிசையாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒளி மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் ஓடுவதால் வரும் காட்சி அது.

அந்த இடைவெளியைத் தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கி, உள்ளே ஒரு திரவத்தை நிரப்பினால்? வேதிவினையின் வேகமே மாறுகிறது என்கிறது பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் தாமஸ் எப்பெசன் தலைமையில் இயங்கும் குழு. அதுவும் வெளியிலிருந்து துளி வெளிச்சம் பாய்ச்சாமலே! ஜினோ ஜார்ஜ், அனூப் தாமஸ், கலைவாணன் நாகராஜன் என இந்திய ஆய்வாளர்களும் அந்தச் சோதனைகளில் பங்கேற்றவர்கள்.

ஜன்னலில் ஒரு சோதனை

மூலக்கூறுகள் சும்மா இருப்பதில்லை. அணுக்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிணைப்புகள் ஸ்பிரிங் போல அதிர்ந்துகொண்டே இருக்கும். சிலிக்கான் - கார்பன் பிணைப்பு விநாடிக்குச் சுமார் 26 லட்சம் கோடி முறை அதிர்கிறது. தங்கம் பூசிய கண்ணாடிகளின் இடைவெளியைச் சரியாக அமைத்தால், நடுவே இருக்கும் ஒளிக்கும் அதே அதிர்வெண் கிடைக்கும்.

அப்போது என்ன நடக்கும்? வீட்டிலேயே பார்க்கலாம். ஜன்னல் கம்பிகளுக்குக் குறுக்கே ஒரு நூலைச் சற்றுத் தளர்வாகக் கட்டுங்கள். அதில் சம நீள நூல்களில் ஒரே மாதிரியான இரண்டு சாவிகளைத் தொங்கவிட்டு, ஒன்றை மட்டும் ஆட்டிவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் அது அடங்கி மற்றது ஆடும். பிறகு அது அடங்கி முதல் சாவி ஆடும். நூல் நீளங்கள் வேறுபட்டால் இந்தக் கைமாற்று சரியாக நடக்காது.

ஒளியும் மூலக்கூறும் இப்படிக் கைகோப்பதைத்தான் 'வலுவான இணைவு' என்கிறார்கள். கும்மிருட்டிலும் ஒளிப்புலம் முழுதாக அடங்குவதில்லை, மெல்லிய சலசலப்பு மிச்சமிருக்கும் என்கிறது குவாண்டம் இயற்பியல். இணைவதற்கு அதுவே போதுமாம்.

நடந்தது என்ன?

2016-ல் வெளியான சோதனையில், ஒரு சிலிக்கான் - கார்பன் பிணைப்பு உடையும் வேகம் ஐந்து மடங்குக்கும் மேல் குறைந்தது. 2019-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது அடுத்த ஆச்சரியம். இரண்டு இடங்களில் உடையக்கூடிய ஒரு மூலக்கூறு, வழக்கமாகக் குறைவாக உடையும் இடத்தில் அதிகம் உடைந்தது.

வேண்டிய பிணைப்பை மட்டும் உடைக்க முடிந்தால், மருந்துத் தயாரிப்பில் வேண்டாத துணைப்பொருள்களைக் குறைக்கலாம்.

ஆனால், இதே வகையில் வேறொரு குழு வெளியிட்ட சோதனையை 2021-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் திரும்பச் செய்தபோது, வேகத்தில் மாற்றம் தெரியவில்லை. காரணத்தைச் சொல்ல எல்லோரும் ஏற்கும் கோட்பாடும் இன்னும் இல்லை.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சர் சி.வி.ராமன், 1928 பிப்ரவரி 28-ல் கொல்கத்தாவில் கண்டது, சிதறும் ஒளியில் மூலக்கூறின் அதிர்வு பதிவாகிறது என்பதை. அந்த அதிர்வில் ஒளி தலையிடுமா என்பது இன்றைய கேள்வி. வினைவேகத்தை மாற்றுபவை என்று வெப்பநிலை, செறிவு, வினையூக்கி எனப் பள்ளியில் படிக்கும் பட்டியலில் 'கண்ணாடி'யும் சேருமா என்பது இனி வரும் மறுசோதனைகளின் கையில்!