ஜமாஅத்துக்கு இணையதளம்: பெயர் யாரிடம், இடம் யாரிடம், சாவி யாரிடம்?



தஞ்சை மாவட்டத்தில் ஒரு மஹல்லா ஜமாஅத் சில ஆண்டுகளுக்கு முன் இணையதளம் தொடங்கியது. தொழுகை நேரம், ஜும்ஆ பயான், மதரஸா சேர்க்கை, ஜனாஸா அறிவிப்பு எல்லாம் அதில் வந்தன. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்த ஊர்க்காரர்கள் ஊர்ச் செய்திக்கு அதைத்தான் திறப்பார்கள். ஒருநாள் திறந்தவர்களுக்குச் சூதாட்ட விளம்பரம் வந்து நின்றது.

யாரும் எதையும் திருடவில்லை. தளத்தை அமைத்துக் கொடுத்த தம்பி சவூதிக்கு வேலைக்குப் போய்விட்டார். 'புதுப்பியுங்கள்' என்று வந்த மின்னஞ்சல்கள் அவருடைய பழைய முகவரிக்குப் போயின. அவருடைய ஊர் சிம் கார்டும் செயலிழந்திருந்தது. தவணை முடிந்த பெயரை வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள். நம்மிடம் ஆலோசனை கேட்டு வந்தபோது காலம் கடந்திருந்தது.

இப்போது நம் பகுதியில் பல ஜமாஅத்துகளும், மதரஸாக்களும், சிறு வியாபாரிகளும் தளம் தொடங்குகிறார்கள். அவர்கள் பணம் கட்டுமுன் அறிந்துகொள்ள வேண்டியவற்றை எளிமையாகச் சொல்கிறோம்.

மூன்று தனித்தனிப் பொருள்கள்

'வெப்சைட் வாங்கினோம்' என்று சொல்கிறோம். உண்மையில் அதில் மூன்று பொருள்கள் இருக்கின்றன. ஒரு கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கடையின் முகவரி டொமைன் பெயர். வாடகைக்கு எடுத்த கட்டடம் ஹோஸ்டிங். உள்ளே இருக்கும் சரக்கு நம் கட்டுரைகள், படங்கள், பயான்கள். மூன்றையும் ஒரே நிறுவனத்திடம் வாங்கலாம். வெவ்வேறு இடங்களிலும் வாங்கலாம். ஒன்றுக்குப் பணம் கட்டியதால் மற்றது நமக்குச் சொந்தமாகிவிடாது.

பெயர்

டொமைன் பெயரை யாரும் நிரந்தரமாக வாங்க முடியாது. ஓராண்டு முதல் அதிகபட்சம் 10 ஆண்டு வரை பதிவு செய்து, தவணைதோறும் புதுப்பிக்க வேண்டும். டாட் காம் போன்ற பெயர்களில் தவணை முடிந்ததும் பதிவு நிறுவனம் சில நாள் அவகாசம் தரலாம். பெயர் நீக்கப்பட்டால் மீட்டெடுக்க 30 நாள் உண்டு. அதற்குக் கட்டணம் பல மடங்கு. பிறகு 5 நாள் கழித்துப் பெயர் பொதுவுக்கு வந்துவிடும். முதலில் பதிவு செய்பவருக்கே அது சொந்தம். பழைய தளங்களின் பெயர்களைச் சூதாட்டக்காரர்கள் தேடிப் பிடிப்பதற்குக் காரணம், மக்கள் ஏற்கனவே அந்த முகவரிக்கு வந்து பழகியிருப்பதுதான்.

இடம்

ஹோஸ்டிங் என்றால், இரவு பகலாக இயங்கும் சர்வர் என்ற கணினியில் நம் கோப்புகளை வைக்க இடம் வாடகைக்கு எடுப்பது. யாராவது நம் பெயரைத் தட்டினால், டிஎன்எஸ் என்ற விலாசப் பட்டியல் அந்தச் சர்வரின் எண்ணைக் காட்டிக்கொடுக்கும்.

வீட்டிலோ பள்ளிவாசல் அலுவலகத்திலோ ஒரு கணினியை வைத்தால் போதாதா? 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது, டெல்டாவின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில்தான் வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊர்ச் செய்திக்குத் தவிக்கிறார்கள். சர்வர் மும்பையிலோ சிங்கப்பூரிலோ இருந்தால், ஊர் இருளில் கிடந்தாலும் தளம் அணையாது. கடவுச்சொல் வெளியூரில் இருக்கும் பொறுப்பாளர் ஒருவரிடமும் இருந்தால் அங்கிருந்தே செய்தி ஏற்றலாம்.

எவ்வளவு இடம் தேவை?

பல தளங்கள் ஒரே சர்வரைப் பங்கிட்டுக்கொள்வது ஷேர்டு ஹோஸ்டிங். கட்டணம் குறைவு. ஜமாஅத் தளத்துக்குப் பெரும்பாலும் இதுவே போதும். ஆனால் கூட்டம் தாங்காது. பிறை பார்க்கும் இரவில் எல்லோரும் ஒரே நேரத்தில் திறந்தால் தளம் நின்றுவிடும். அன்றைக்கு முகப்பில் படம், வீடியோ எதுவும் இல்லாமல் அறிவிப்பை மட்டும் எழுத்தில் வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம்.

ஒரு கணக்கையும் பார்ப்போம். 30 நிமிட பயானை 64 கேபிபிஎஸ் தரத்தில் பதிந்தால் சுமார் 14 எம்பி வரும். அதை 1000 பேர் இறக்கினால் 14 ஜிபி போக்குவரத்து. 'அன்லிமிடெட்' என்ற விளம்பரத்தை நம்பி எல்லாவற்றையும் ஏற்றாதீர்கள். விதிமுறையில் வேறு வரம்புகள் எழுதியிருக்கும். பயானை யூடியூபில் ஏற்றி இணைப்பை மட்டும் தளத்தில் தருவது நல்லது. முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் பார்க்காமல், இரண்டாம் ஆண்டுப் புதுப்பிப்புக் கட்டணத்தையும் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

சில உலாவிகளில் முகவரிக்கு முன்னால் பூட்டுக் குறி வரச் செய்யும் எஸ்எஸ்எல் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாபநோக்கற்ற அமைப்பு 2015 முதல் இலவசமாகத் தருகிறது. அதைத் தனியாகப் பணம் கொடுத்து வாங்கும் அவசியம் பெரும்பாலும் இல்லை.

நகல்

இலவச இடத்தில் தொடங்குவது தவறல்ல. நம் ஊர்த் தளங்கள் பலவும் பிளாக்ஸ்பாட்டில் பிறந்தவைதாம். ஆனால் இலவசம் என்பது வீட்டுக்காரர் விரும்பும்வரைதான். உலகெங்கும் லட்சக்கணக்கானோர் பக்கம் வைத்திருந்த ஜியோசிட்டீஸை யாஹூ நிறுவனம் 2009 அக்டோபரில் மூடியது. நகல் எடுக்காதவர்கள் இழந்தார்கள்.

பணம் கட்டினாலும் ஆபத்து உண்டு. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் சர்வர் கட்டடம் ஒன்று தீயில் அழிந்தது. நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சிலர் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள். எனவே மாதம் ஒருமுறை தளத்தின் முழு நகலை இறக்கி, ஒன்றை ஹார்ட் டிஸ்க்கிலும் இன்னொன்றை வேறு இடத்திலும் வையுங்கள்.

யார் பெயரில்?

இதுதான் முக்கியம். பள்ளிவாசலின் நிலப் பத்திரத்தைத் தனிநபர் பெயரில் எழுத நாம் சம்மதிப்போமா? ஜமாஅத் பணத்தில் வாங்கிய பெயரும் அப்படித்தான். அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்க அல்லாஹ் கட்டளையிடுகிறான் (4:58). கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான் (2:282) குர்ஆனிலேயே நீளமானது. உழைத்துக் கொடுத்த தம்பியைச் சந்தேகிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. நாளை அவர்மீது பழி வராமல் காப்பதும் இதில் இருக்கிறது.

நிர்வாகிகள் செய்ய வேண்டியவை:

1. பதிவை ஜமாஅத்தின் பெயரில் செய்யுங்கள்.

2. ஜமாஅத்துக்கென்று ஒரு மின்னஞ்சல் வையுங்கள். அது உங்கள் டொமைனிலேயே இருக்க வேண்டாம். டொமைன் போனால் மின்னஞ்சலும் போய்விடும், எச்சரிக்கையும் வந்து சேராது.

3. ஓடிபி வரும் எண், ஊரில் நிரந்தரமாக இருக்கும் ஜமாஅத் எண்ணாக இருக்கட்டும்.

4. பெயர், இடம் இரண்டின் தவணைத் தேதியையும் கடவுச்சொல்லையும் எழுதி உறையிலிட்டு, ஜமாஅத் பத்திரங்களுடன் பூட்டி வையுங்கள். நிர்வாகம் மாறும்போது கணக்குப் புத்தகத்தோடு இதையும் ஒப்படையுங்கள்.

ஏற்கனவே தளம் இருக்கும் ஜமாஅத்தார் இந்த வாரமே அமைத்துக் கொடுத்தவரை அழைத்து, 'பெயர் யார் பெயரில் இருக்கிறது, எப்போது முடிகிறது?' என்று கேளுங்கள். அவர் ஊரில் இருக்கும்போதே கேட்பது எளிது.

நம் அமானிதங்களைப் பேணும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.