பழனி மலையின் புல்லும் சோலையும்

கோடை விடுமுறை தொடங்கியதும் நம் பங்குக் குடும்பங்களில் எத்தனையோ கொடைக்கானலுக்கு மலையேறுகின்றன. பாடகர் குழு, இளைஞர் இயக்கம், மறைக்கல்விப் பிள்ளைகள் என்று தனிப் பேருந்து அமர்த்திக்கொண்டு செல்வோரும் உண்டு. சலேத் அன்னையின் ஆலயத்தில் ஒரு செபம். ஏரியில் ஒரு படகுச் சவாரி. தூண் பாறைகளின் முன் ஒரு நிழற்படம். இறுதியில் பைன் மரக் காட்டில் பிள்ளைகளை ஓடவிட்டு, கட்டுச்சோற்றை அவிழ்த்து வைத்துக்கொண்டு, "ஆண்டவருடைய படைப்பு எத்தனை அழகு!" என்று பெரியவர்கள் ஒரு பெருமூச்சு விடுவது வழக்கம். நாமும் அந்த மர நிழலில் அமர்ந்து அவ்வாறே சொன்னவர்கள்தாம்.

அந்தப் பைன் மரங்கள் மனிதன் நட்டவை என்பதும், அவை இந்நாட்டு மண்ணுக்கே உரியவை அல்ல என்பதும் நமக்குப் பின்னாளில்தான் தெரிய வந்தது. அப்படியானால் இம்மலைக்கென்று ஆண்டவர் வகுத்த காடு எது? அதைக் கண்ணால் காண வேண்டும் என்ற ஆவலே இக்கட்டுரைக்கு வித்து.

முதலில் மலையை அறிந்துகொள்வோம். பழனியாண்டவர் கோயில் அமைந்த குன்று மலையடிவாரத்தில் தனித்து நிற்பது. அதற்குத் தெற்கே சுவர் போல எழுந்து நிற்கும் பெருமலைத் தொடரையே பழனி மலை என்கிறோம். மேற்குத் தொடர்ச்சி மலை கிழக்கு நோக்கி நீட்டிய ஒரு கை இது எனலாம். கிழக்கு மேற்காக ஏறத்தாழ 65 கிலோமீட்டர். வடக்கு தெற்காக 40 கிலோமீட்டர். மேற்குக் கோடியிலுள்ள வந்தரவு முடி 2,500 மீட்டர் உயரத்தையும் தாண்டும். இத்தொடரில் ஏறத்தாழ 609 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் என 2013ஆம் ஆண்டு தமிழக அரசு அறிவித்தது.

மலையடிவாரத்தில் முட்புதர்களும் இலையுதிர் காடும் உள்ளன. இடைப்பகுதியில் காப்பியும் மிளகும் ஆரஞ்சும் மலைவாழையும் விளைகின்றன. பழனிப் பஞ்சாமிர்தத்தின் சுவைக்குக் காரணமான விருப்பாட்சி வாழை இச்சரிவுகளின் பிள்ளையே. இவற்றையெல்லாம் கடந்து இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் சென்ற பின்னரே நாம் தேடும் காடு தென்படுகிறது. அதைக் கண்டபோது, உண்மையைச் சொல்வதானால், சற்றே ஏமாந்தோம். வானளாவிய மரங்கள் இல்லை. எங்கு நோக்கினும் புல். அலையலையாகப் புல் மூடிய மேடுகள். இரு மேடுகள் கூடும் மடிப்புகளில் மட்டும், மழை பெய்தால் நீர் இறங்கி ஓடும் பள்ளங்களில், கரும்பச்சைத் திட்டுகளாக மரக்கூட்டம்.

"இதுதாங்க காடு. புல்லும் சேர்த்துத்தான்" என்றார் உடன் வந்த வனக் காவலர்.

அந்த மரக்கூட்டத்துக்கு நம் முன்னோர் இட்ட பெயர் சோலை. உலகெங்கும் உள்ள தாவரவியலார் இன்று 'சோலா' என்றே அதைக் குறிக்கின்றனர். வேறு சொல் அவர்களுக்கு அகப்படவில்லை போலும். உள்ளே நுழைந்தால் பகலிலும் மங்கிய ஒளியே நிலவுகிறது. மரங்கள் உயரம் குறைந்தவை. காற்றின் அடிக்குக் கிளை முறுக்கேறியவை. அடிமரம் முதல் நுனிக்கொம்பு வரை பாசி போர்த்து, அப்பாசியின் மேல் பெரணியும் ஆர்க்கிட் என்னும் ஒட்டுச் செடிகளும் குடியிருக்கின்றன. காட்டுச் செண்பகமும், நாவல் இனத்து மரங்களும், ஓரங்களில் செந்நிறக் கொத்துகளாகப் பூக்கும் காட்டுப்பூவரசும் உண்டு. காலடியில் மண் தெரியாது. மக்கிய இலைகள் மெத்தை போல அமிழ்கின்றன. கையில் ஒரு பிடி அள்ளிப் பிழிந்தோம். மழை பெய்து நான்கு நாட்களாகியும் விரலிடுக்கில் நீர் வழிந்தது.

மலையின் பொருளாதாரமே அந்த ஒரு பிடியில் அடங்கியிருக்கிறது எனலாம். புல்வெளி மழையை வாங்கி மெல்ல மண்ணுக்குள் இறக்குகிறது. சோலையும் சதுப்பும் அதனைத் தேக்கி வைத்து ஓடைகளுக்கு அளந்து விடுகின்றன. வடக்கே பாலாறும் பொருந்தலாறும் குதிரையாறும், தெற்கே மஞ்சளாறும் இம்மலையில் பிறப்பவை. பெரியகுளம் நகரம் குடிக்கும் நீர் மேலேயுள்ள பேரிஜம் ஏரியிலிருந்து வருவது. சமவெளியில் குழாயைத் திருகும் இல்லத்தரசி தன் குடத்தில் விழுவது புல்லின் கொடை என்று எண்ணியிருப்பாளா?

புல்வெளிக்கென்றே அமைந்த உயிர்களும் உண்டு. தமிழகத்தின் மாநில விலங்கான வரையாடு தென்விளிம்பின் செங்குத்துப் பாறைகளில் ஒதுங்கி, மேய்வதற்குப் புல்லை நாடி வருகிறது. நெட்டைக்காலி என்னும் சிறு பழுப்புப் பறவை தரையிலேயே கூடு கட்டும். புல் இல்லாத இடத்தில் அதற்கு வாழ்வில்லை. சோலைக்குள் கருமந்தியின் குரல் கேட்கலாம், மலையணிலைக் காணலாம். இங்கு வாழும் சிரிப்பான் இனப் பறவை ஒன்றுக்கு, நம் பிரிந்த சகோதரருள் ஒருவரான ஃபேர்பேங்க் என்னும் அமெரிக்க மிஷனரியின் பெயரையே 1869இல் அறிவியலார் சூட்டினர். அவர் சேகரித்த பறவை அது. சோலையின் இருளில் வாழும் மற்றொரு சிறு நீலப் பறவையை 2017இல் தனிப் பேரினமாகப் பிரித்தபோது, 'சோலைக்கிளி' என்ற தமிழ்ச் சொல்லையே ஆங்கிலத்திலும் அதற்குப் பெயராக வழங்கத் தொடங்கினர். கிளி இனத்துக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பது வேறு கதை.

காட்டெருமையைக் காணக் காட்டுக்குள் செல்ல வேண்டியதில்லை. இப்போது கொடைக்கானல் வீதிகளிலேயே அது உலவுகிறது. ஊர் மக்கள் அஞ்சுவதிலும் நியாயம் உண்டு. ஆனால் அதன் மேய்ச்சல் நிலம் என்னவாயிற்று என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.

கற்பதுக்கைகளும் செண்பகனூரும்

அதைச் சொல்லுமுன் இம்மலையின் பழைமை பற்றிச் சிறிது. தாண்டிக்குடி, பெத்துப்பாறை முதலிய ஊர்களின் அருகே பாறை விளிம்புகளில் பெருங்கற் பலகைகளை நிறுத்தி, மேலே மூடுகல் வைத்த கற்பதுக்கைகள் காணப்படுகின்றன. குள்ளர் குகை என்று மக்கள் சொல்கின்றனர். குள்ளர் எவரும் அவற்றில் வாழவில்லை. பெருங்கற்கால மக்கள் தம் இறந்தோருக்காக அமைத்தவை அவை. சேசு சபைக் குருக்களான ஆங்லேட், நியூட்டன் என்னும் இருவர் மலையெங்கும் நடந்து இவற்றை அளந்து எழுதிய நூலை, இந்தியத் தொல்லியல் துறை 1928இல் தன் வெளியீடாகவே பதிப்பித்தது. பளியரும் புலையரும் குன்னுவரும் இம்மலையின் பழங்குடிகளும் பழைய குடியானவர்களும் ஆவர். பூம்பாறையின் படிக்கட்டு வயல்களில் விளையும் மலைப்பூண்டு இன்று நாடறிந்த சரக்கு.

குருக்களுக்கு இந்த மலையில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். செண்பகனூரில் 1895இல் சேசு சபையார் தம் திருஇருதயக் கல்லூரியைத் தொடங்கினர். குருத்துவ மாணவருக்குத் தத்துவம் கற்பித்த அந்த இல்லத்திலேயே ஓர் அருங்காட்சியகமும் வளர்ந்தது. காலையில் பூசை, பின்பு பாடம், மாலையில் காடு என்று வாழ்ந்தவர்கள் அங்கிருந்த தந்தையர் பலர். ஒருவர் செடிகளை வண்ணச் சித்திரங்களாகத் தீட்டினார். தந்தை ஃபொரோ, மற்றவர் மிதித்துச் செல்லும் பாசியையே தம் வாழ்நாள் ஆராய்ச்சியாக்கினார். பழனி மலைப் பாசிகளைப் பற்றிய அவரது கட்டுரை 1961இல் வெளிவந்தது. பங்கு விசாரணையும் பள்ளிக்கூடமும் மட்டுமே இறைப்பணி என்று எண்ணுவோர் இவர்களைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

அவ்வரிசையில் பின்வந்தவர் தந்தை கே. எம். மத்தேயு. திருச்சி தூய வளனார் கல்லூரியில் ரபினா உலர்தாவரக் காப்பகத்தை 1967இல் நிறுவியவர். 1969இல் அவர் வெளியிட்ட நூல் கொடைக்கானலில் வேரூன்றிய வெளிநாட்டுச் செடிகளைப் பற்றியது. பழனி மலைத் தாவரங்கள் பற்றிய அவரது பெருநூல் மூன்று பகுதிகளாக 1999இல் வந்தது. 2004இல் அவர் இறைவனடி சேர்ந்தார். வந்தேறிச் செடிகளை முதலில் எண்ணி, மண்ணின் செடிகளைப் பின்னர் எண்ணிய அந்த வரிசை தற்செயலாக நேர்ந்ததாகவே இருக்கலாம். ஆயினும் மலையின் கதை அவ்விரு நூல்களுக்கும் இடையில்தான் நடந்தேறியது.

வெற்றுநிலம் என்றெண்ணிய பிழை

நடந்தது இதுதான். புல்வெளியைக் கண்ட ஆங்கிலேயர் அதனைப் பயனற்ற வெற்றுநிலம் என்றே கருதினர். மரம் வளராத இடம் மனிதன் கெடுத்த இடமாகத்தான் இருக்கும் என்பது அவர்கள் நினைப்பு. உறைபனி விழும் இரவுகளில் மேட்டு நிலத்து இளங்கன்றுகள் கருகிவிடுகின்றன என்பதையும், இப்புல் பல்லாயிரம் ஆண்டுகளாக இங்கே உள்ளது என்பதையும் பிற்கால ஆய்வுகளே காட்டின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து தைல மரமும், வாட்டில் என்னும் சீகை மரமும் வந்து சேர்ந்தன. அப்போது அவை பங்களாக்களின் வேலியோரம் நின்றன. விடுதலைக்குப் பின்னரே பெரும் பரப்பில் நடவு தொடங்கியது. தோல் பதனிடச் சீகைப் பட்டை வேண்டியிருந்தது. செயற்கைப் பட்டு நூலுக்குத் தைல மரக் கூழ் வேண்டியிருந்தது. ஆகவே குற்றத்தை அந்நியர் தலையில் மட்டும் சுமத்திவிட்டு நாம் கை கழுவ இயலாது.

விளைவு என்ன? செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வொன்று 2018இல் வெளியாயிற்று. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் பழனி மலையின் உயர்நிலப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு அழிந்துவிட்டது என்கிறது அது. வெட்டி அழித்திருந்தால் எவரேனும் குரல் எழுப்பியிருப்பார்கள். நட்டு அழித்ததால் பச்சையாகவே காட்சியளித்தது. நாமும் அங்கே அமர்ந்து கட்டுச்சோறு உண்டு திரும்பினோம்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வரைந்த 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலின் 39ஆம் பத்தியை இம்மலையைக் கண்டு வந்தபின் மீண்டும் எடுத்து வாசித்தோம். இயற்கையான காட்டை நீக்கி ஒரே வகை மரத்தை நடுவதால் விளையும் கேட்டை எவரும் போதிய அளவு ஆராய்வதில்லை என்று அங்கே குறிப்பிடுகிறார். முன்பும் அதைப் படித்ததுண்டு. ஏதோ தொலைதூர நாட்டின் காடுகளைப் பற்றிய பேச்சு என்று கடந்து போயிருந்தோம்.

அப்படியானால் அந்நிய மரங்களை வெட்டி எறிந்தால் போதாதா? அத்தனை எளிதாக இல்லை. சீகையின் விதை மண்ணுக்குள் பல்லாண்டுகள் உறங்கிக் கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் பட்டாலோ, தீ மூண்டாலோ, ஒன்றிருந்த இடத்தில் நூறு முளைக்கும். இன்னொரு வியப்பும் உண்டு. சோலையை அடுத்துள்ள சில பழைய தோட்டங்களில், அந்நிய மரங்களின் நிழலிலேயே சோலை மரக் கன்றுகள் தாமாக எழுந்து வருகின்றன. பறவைகள் கொணர்ந்த விதைகள் அவை. உறைபனியிலிருந்து அவற்றைக் காத்துத் தாதியாக நிற்பது அதே அந்நிய மரந்தான். அங்கே வெட்டினால் கன்றும் மடியும். ஆகவே புல்லை மீட்கச் சில இடங்களில் வெட்ட வேண்டும் என்போரும், சோலை திரும்பி வரச் சில இடங்களை அப்படியே விட வேண்டும் என்போரும் இன்று வாதிடுகின்றனர். இரு தரப்பிலும் மலையை நேசிப்போரே உள்ளனர். அந்நியத் தாவரங்களை அகற்றுவது பற்றித் தமிழக அரசும் 2022இல் ஒரு கொள்கையை வெளியிட்டது. நம்மைக் கேட்டால், எந்த மேட்டில் எதைச் செய்வது என்று ஒவ்வோர் இடமாகப் பார்த்து முடிவு செய்வதே முறை என்போம். நட்டபோது அந்தப் பொறுமை நம்மிடம் இல்லாமற்போயிற்று.

வனக் காவலர் எங்களைக் கடைசியாக ஒரு சரிவுக்கு அழைத்துச் சென்றார். ஒரு புறம் சீகைக் காடு முட்டிக்கொண்டு வந்து நின்றது. மறுபுறம் எஞ்சிய புல்வெளி. அதன் நடுவே இடுப்பளவுப் புதர்கள் நெருங்கி நின்றன. பூ ஒன்றுமில்லை, சொரசொரப்பான பச்சை இலைகள் மட்டுமே.

"குறிஞ்சிங்க. 2006ல பூத்துச்சு. அப்புறம் 2018ல. பூத்ததும் செடி செத்துரும். இது அந்த விதையில வந்தது" என்றார்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை என்றால் அடுத்த பூப்பு 2030இல். கடந்த பூப்பின்போது ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகள் அப்போது உறுதிபூசுதலுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருப்பார்கள் என்று எங்களுள் ஒருவர் கணக்கிட்டார். காவலர் அதைக் கேட்டுக்கொண்டே குனிந்து, புதர்களுக்கிடையே விரல் நீளத்துக்கு முளைத்திருந்த சீகைக் கன்று ஒன்றை வேரோடு பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நாங்களும் அருகே தேடினோம். பதினொரு கன்றுகள் அகப்பட்டன.