வீட்டடி மரங்கள் – 11: இரண்டு கறுப்பு

எதிர்வீட்டு ஆயா போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொய்யாக் கிளை ஒன்றை ஒடித்து எடுத்துக்கொண்டு நேராக என் வாசலுக்கு வந்துவிட்டார்.

"பாரு தம்பி, கரி எப்டி அப்பிக்கிட்டு கெடக்குதுன்னு. இனிமே இந்த மரம் எங்க காய்க்கப் போவுது? வெட்டிடலாம்ன்றான் பையன்."

இலைகள் நிஜமாகவே கறுத்துக் கிடந்தன. திருவொற்றியூரில் இலை கறுத்தால் யாருக்கும் வேறு காரணம் தோன்றாது. இராயபுரத்தில் மொட்டை மாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டியைக் கறுப்பு வேட்டியாக எடுத்து மடித்த தலைமுறை இன்னும் இருக்கிறது. 2011-ல் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகுதான் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்று, அது எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-லிருந்து 2017 வரை ஓடி ஓய்ந்தது. வடசென்னை அனல்மின் நிலையம் இன்னும் ஓடுகிறது. கன்டெய்னர் லாரிகள் இரவு பகல் பாராமல் போகின்றன. ஆகவே ஆயா கரி என்று சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் அந்தக் கிளையில் இருந்தது கரி மட்டும் அல்ல.

ஓர் இலையை வாங்கி, ஈர விரலால் தேய்த்துப் பார்த்தேன். உங்கள் வீட்டிலும் இதைச் செய்துபாருங்கள். கரித்தூசியோ சாம்பலோ என்றால் விரலில் பொடியாக ஒட்டும், அடியில் பச்சை தெரியும். இன்னொரு கறுப்பு உண்டு. அது பிசுபிசுப்பாக இருக்கும், நகத்தால் சுரண்டினால் மெல்லிய காகிதம் போல உரிந்து வரும். அது கரும்பூசணம். அந்தக் கறுப்பைப் பார்த்தால் உடனே இலையைத் திருப்ப வேண்டும். ஆயாவின் இலையைத் திருப்பினேன். அடிப்பக்கம் முழுக்கச் சுண்ணாம்பால் கோலம் போட்டது போல வட்ட வட்டமாக வெள்ளை மெழுகு. சுருள் வெள்ளை ஈ.

இந்த ஈ இலையின் சாற்றை உறிஞ்சுகிறது. குடித்ததில் மிஞ்சியது சர்க்கரைப் பாகு போன்ற கழிவாகக் கீழே சிந்துகிறது. கீழ் இலைகளின் மேற்பரப்பில் விழுந்த அந்தப் பாகின் மேல்தான் பூசணம் வளர்கிறது. பூசணம் இலைக்குள் இறங்குவதில்லை, வெளிச்சத்தை மட்டும் மறைக்கிறது. ஈ நின்றால் பாகு நிற்கும், பாகு நின்றால் பூசணம் காய்ந்து மழையில் உதிர்ந்துவிடும். வெட்ட வேண்டிய மரமே இல்லை அது.

மத்திய அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த இந்த ஈயை நம் நாட்டில் முதலில் பார்த்தது 2016-ல், பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில். அங்கிருந்து தென்னை, வாழை, கொய்யா, சப்போட்டா என்று எல்லா வீட்டுக் கொல்லைக்கும் வந்துவிட்டது. அப்போது பதறிப்போன விவசாயிகளிடம் வேளாண் பல்கலைக்கழகத்துக்காரர்கள் முதலில் சொன்னது, ரசாயன மருந்து அடிக்காதீர்கள் என்பதுதான். ஏனென்றால் ஈயைத் தேடி அதன் எதிரியும் அதே ஓலைக்கு வந்திருந்தது: என்கார்சியா என்ற குளவி. குளவி என்றதும் கொட்டுமோ என்று பயப்பட வேண்டாம். ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, கண்ணுக்குத் தூசி. ஈயின் குஞ்சுக்குள் முட்டை வைக்கும். உள்ளே வளர்கிற குளவிப் புழு ஈக்குஞ்சைத் தின்றுவிட்டு வெளியே வரும்.

இலையை லென்ஸ் வைத்துப் பார்த்தால் யார் ஜெயிக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். ஈ வெளிவந்த கூட்டில் 'டி' எழுத்து போலப் பிளவு இருக்கும். குளவி வெளிவந்த கூட்டில் ஊசியால் குத்தியது போல உருண்டையான ஓட்டை இருக்கும். பிள்ளைகளின் அறிவியல் பெட்டியில் கிடக்கிற பத்து மடங்கு லென்ஸ் போதும். ஆயாவின் இலையில் உருண்டை ஓட்டை ஒன்றிரண்டுதான் இருந்தது. குளவி வந்துவிட்டது, ஆனால் திணறுகிறது.

ஏன் திணறுகிறது என்பதில்தான் நம் ஊர் விஷயம் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களில் பல பத்தாண்டுகளுக்கு முன்பே பூச்சியியலாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். மண் சாலை ஓரத்து வரிசை மரங்களில் மட்டும் செதில் பூச்சியும் சிலந்திப்பேனும் பெருகிக் கிடந்தன. தோட்டத்தின் உள்ளே குறைவு. வித்தியாசம் புழுதிதான். தூசி படிந்த இலையில் குட்டிக் குளவியால் நடக்க முடிவதில்லை. காலையும் உணர்கொம்பையும் துடைத்துக்கொண்டே அதன் ஆயுள் போய்விடுகிறது, முட்டை வைக்க நேரம் இல்லை. சாற்றில் வாயைச் செருகி ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிற பூச்சிக்குத் தூசியால் நஷ்டமில்லை. கரியும் சாம்பலும் லாரிப் புழுதியும் நம் மரங்களில் பூச்சியின் பக்கம் நின்று சண்டை போடுகின்றன. நம் கொல்லைகளுக்கு இதைவிட முக்கியமான செய்தியை இந்தத் தொடரில் நான் எழுதப்போவதில்லை.

அதனால் மருந்துக்கு முன்னால் தண்ணீர். காலையில் வெயில் ஏறுவதற்குள் இலையின் அடிப்பக்கத்தில் படும்படி, கீழிருந்து மேலாகப் பீய்ச்சி அடியுங்கள். குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால் போதும். தூசி போகும், ஈயின் மெழுகும் குஞ்சுகளில் கொஞ்சமும் போகும், பாகும் கரையும். போர் தண்ணீர் வேண்டாம். நம் பகுதியில் அது உப்பு, அடித்த இரண்டாம் நாள் இலை ஓரம் கருகிப்போகும். மெட்ரோ தண்ணீரை மரத்துக்கு அடிக்க யாருக்கும் மனசு வராது, எனக்கும் வராது. அரிசி களைந்த தண்ணீர், காய்கறி அலசிய தண்ணீரை ஒரு பக்கெட்டில் சேர்த்து வடிகட்டி, கைத்தெளிப்பானில் அடிக்கலாம். கொய்யாவுக்கு ஒரு பக்கெட் தாராளம். கரும்பூசணம் கெட்டியாக இருந்தால் லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைத்து அடியுங்கள். காய்ந்ததும் கஞ்சி அப்பளம் போல எழும்பி, பூசணத்தையும் சேர்த்துக்கொண்டு உதிரும். தென்னைக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் அளவுதான் இது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாம் பக்கெட் தூக்குவதால் தூசி விடுகிறவர்களின் பொறுப்பு தீர்ந்துவிடாது. இலையில் படிவது பிள்ளைகளின் நெஞ்சிலும் படிகிறது. இலையைக் கழுவலாம்.

அடுத்து எறும்பு. பாகு குடிக்க வருகிற எறும்பு, பாகு தருகிற பூச்சிக்குக் காவல் நிற்கும். குளவியும் பொறிவண்டும் பக்கத்தில் வந்தால் விரட்டும். அடிமரத்தில் ஒரு சாண் அகலத்துக்குப் பழைய துணியோ பிளாஸ்டிக் தாளோ இறுக்கிக் கட்டி, அதன் மேல் கிரீஸ் தடவுங்கள். பட்டையில் நேரடியாகத் தடவக் கூடாது, பட்டை வெந்துபோகும். கிரீஸுக்கு இந்தப் பக்கத்தில் பஞ்சமில்லை, எந்த மெக்கானிக் கடையிலும் ஒரு விரல் கொடுப்பார்கள். மதிலையோ கேபிள் ஒயரையோ தொடுகிற கிளையைக் கழித்துவிடுங்கள், இல்லையென்றால் எறும்பு அந்த வழியாக ஏறிவிடும்.

எல்லா எறும்பும் விரோதி என்று சொல்லவில்லை. இலைகளைத் தைத்துக் கூடு கட்டுகிற முசுறு, மாமரத்தில் புழுக்களைப் பிடித்துத் தின்னும். தென்சீனத்தில் ஆரஞ்சு மரங்களில் பூச்சியை அடக்க முசுறுக் கூடுகளை விலைக்கு வாங்கிக் கட்டியதாகக் கி.பி. 4-ம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் நூலே சொல்கிறது. முசுறு இருக்கிற மாமரத்தில் கை வைக்காதீர்கள்.

பப்பாளி பற்றிக் கேட்டு நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோயம்புத்தூரில் முதலில் தென்பட்டு, ஓரிரு ஆண்டில் மல்பெரி, மரவள்ளி என்று கொங்கு நாட்டையே வாட்டியது. மாவு போர்த்திய உடம்பில் மருந்து ஒட்டவில்லை. 2010-ல் பெங்களூரில் உள்ள மத்திய அரசின் பூச்சிகள் பணியகம், அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளை வரவழைத்தது. அக்டோபரில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் அவற்றை வெளியில் விடத் தொடங்கியது. மூன்றில் அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவி நன்றாகப் பிடித்துக்கொண்டது. நமக்குச் சற்று முன்பே இலங்கையும் இதே வழியில் போயிருந்தது. இன்று உங்கள் பப்பாளியில் மாவு லேசாக வந்து தானாக மறைகிறது என்றால் அந்தக் குளவியின் பேரப்பிள்ளைகள் வேலை செய்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதைத் தெரிந்துகொள்ளாமல் நான் ஒரு பப்பாளியை இழந்தேன். கடையில் கேட்டு வாங்கிய மருந்தை மூன்று வாரம் அடித்தேன். முதல் வாரம் மரம் சுத்தமாக இருந்தது. நான்காவது வாரம் குருத்து வரைக்கும் வெள்ளை. பூச்சியில் மிச்சம் பிழைத்தது, குளவியில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இப்போது அவசியம் என்றால் வேப்பெண்ணெய் மட்டும்: லிட்டருக்கு 5 மில்லி, முதலில் காதி சோப்புக் கரைசலில் நன்றாகக் கலக்கி, சாயங்காலம், பூச்சி இருக்கிற இலையில் மட்டும். பப்பாளி இலைக்கு எண்ணெய் ஆகாமல் போகலாம். ஓர் இலையில் அடித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

தென்னைக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலேயே வைத்தியம் கிடக்கிறது. குருத்தோலை விசிறியை வெட்டினது போல முக்கோணமாக அரைபட்டு விரிந்தால் அது காண்டாமிருக வண்டு. கிழிந்துபோன நைலான் வலையைக் குருத்தைச் சுற்றி இருக்கிற மட்டை இடுக்குகளில் திணித்து வையுங்கள். துளைக்க வருகிற வண்டின் முள் கால் வலையில் மாட்டிக்கொள்ளும். கேரளத்தில் செய்கிறார்கள். 2007-ல் இந்த வண்டு நுழைந்த பசிபிக் தீவு குவாமிலும் மீன் வலையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். தொங்கவிட்டால் அணிலும் மைனாவும் மாட்டும், அதனால் இறுக்கித் திணிக்க வேண்டும். வண்டு பிறப்பது மட்கிய எருவிலும் செத்த தென்னையின் அடிமரத்திலும். வர்தா புயலில் சாய்ந்து, எங்கள் தெரு முனையில் அப்படியே கிடந்த தென்னந்துண்டைப் பிளந்தபோது உள்ளே கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள். சாய்ந்த மரத்தை விட்டுவைக்காதீர்கள்.

கொய்யாவில் புழு என்றால் அது பழ ஈ. உதிர்ந்த பழத்தை அன்றன்றைக்கே பொறுக்கி, கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போட்டுவிடுங்கள். பிஞ்சு எலுமிச்சை அளவு ஆனதும் காகிதப் பை கட்டினால் பிள்ளைகளுக்கு நல்ல பழம் நிச்சயம்.

ஆயாவின் மரத்துக்கு வருகிறேன். பையனைக் கெஞ்சி, வெட்டுவதை ஒரு மாதம் தள்ளிப்போட்டோம். வாரம் இரண்டு நாள் அரிசி களைந்த தண்ணீர், அடிமரத்தில் கிரீஸ் துணி. நேற்று போய்ப் பார்த்தேன். மேல் இலைகளில் கறுப்பு செதில் செதிலாக எழும்பி நிற்கிறது. லென்ஸில் பார்த்த ஐந்து இலைகளிலும் உருண்டை ஓட்டைதான் அதிகம். ஆயாவையும் பார்க்கச் சொன்னேன். ஒரு கண்ணை மூடி ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்போ இது பூச்சியா, மருந்தா?"

குளவி உள்ளே இருக்கிற, இன்னும் ஓட்டை விழாத கறுத்த கூடுகள் இருந்த இரண்டு இலைகளைக் கிள்ளி, பக்கத்து வீட்டுக் கொய்யாவில் நூலால் கட்டிவிட்டு வந்தோம்.

(தொடரும்)