தாங்கும் பொறி வீழ்ந்தால்...

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணினி அறிவியல்)

தேர்வு முடிவு பார்க்கிறோம். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறோம். ரயிலில் இடம் பதிவு செய்கிறோம். இவை ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஓர் அறையில் தனித்தனிக் கணிப்பொறி இருப்பதாகவே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. ஒரே பெரிய சர்வரில் இருபது, முப்பது கணிப்பொறிகள் குடியிருக்கக்கூடும். அவற்றுக்கு உடல் கிடையாது. ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கணிப்பொறி என்றே நம்பி இயங்கும் மென்பொருள் வடிவம். மெய்நிகர்ப் பொறி, அதாவது விர்ச்சுவல் மெஷின் என்பது இதுவே. கருத்து புதியதன்று. 1960-களிலேயே ஐ.பி.எம். நிறுவனத்தார் இதைச் செய்து பார்த்து, 1972-இல் வி.எம்./370 என்ற பெயரில் வெளியிட்டனர்.

ஒண்டுக்குடித்தன வீடுகளை நாம் அறிவோம். ஒரு கூரை, ஒரு கிணறு, ஆறு அடுப்பு. மெய்நிகர்ப் பொறிகளின் வாழ்வும் அவ்வாறே. கிணற்று நீரை முறைவைத்துப் பங்கிடும் வீட்டுக்காரர் வேலையை ஹைப்பர்வைசர் என்னும் மென்பொருள் பார்க்கிறது. செலவு மிச்சம், மின்சாரம் மிச்சம். ஆனால் கூரை இடிந்தால் ஆறு குடும்பமும் ஒரே நேரத்தில் தெருவுக்கு வரும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். ஓடும் மெய்நிகர்ப் பொறியை நிறுத்தாமலே வேறு சர்வருக்கு மாற்றும் வசதியை 2003-இல் விஎம்வேர் நிறுவனம் கொண்டுவந்தது. ஆகவே சர்வர் வீழ்ந்தால் அவை தாமாகவே தப்பிவிடும் என்று சிலர் கருதுகின்றனர். அந்த மாற்றத்திற்கு நினைவகம் முழுவதையும் நகலெடுத்து அனுப்ப வேண்டும். அனுப்புகிறவன் உயிரோடு இருந்தால்தானே? பழுதுபார்க்க முன்கூட்டியே காலி செய்வதற்கு அது உதவும். திடீர்ச் சாவுக்கு உதவாது.

இதையெல்லாம் ஒருநாள் என் தாயாரிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் பள்ளி வாசலை மிதிக்காதவர். "உலை கொட்டினா கொட்டட்டும், பொட்டி எங்க இருக்கு?" என்று கேட்டார். இந்தப் பாடத்தின் உயிர்நாடியே அந்தக் கேள்விதான். உலை என்பது நினைவகம். மின்சாரம் போன கணமே அதிலிருந்தது அழியும். பெட்டி என்பது வட்டு. அது வீழ்ந்த சர்வருக்குள்ளேயே இருந்தால், சர்வர் எழும்வரை காத்திருக்க வேண்டும். பல சர்வர்கள் சேர்ந்து பயன்படுத்தும் பொதுச் சேமிப்பகத்தில் இருந்தால், வேறொரு சர்வர் அதைத் திறந்து அதே பொறியை மறுபடி இயக்கலாம்.

இதற்காகச் சர்வர்களைக் கூட்டாக இணைக்கின்றனர். விஎம்வேர் கூட்டில் ஒவ்வொரு சர்வரும் நொடிக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று குறிப்பு அனுப்பும். இதை இதயத்துடிப்பு என்பர். துடிப்பு நின்றால் மற்றவை அதன் குடிகளை ஏற்று, முதலிலிருந்து தொடங்கி வைக்கும். மெய்நிகர்ப் பொறியைப் பொறுத்தமட்டில் அது மின்வெட்டுக்குப் பின் எழுவது போன்றதே. தரவுத்தளம் தன் குறிப்பேட்டைப் புரட்டி, முடிந்த பரிமாற்றங்களை நிலைநிறுத்தி, பாதியில் நின்றவற்றை நீக்கும். நாம் விண்ணப்பம் அனுப்பிய அதே கணத்தில் இது நேர்ந்தால்? 'ஏற்கப்பட்டது' என்ற விடை வந்திருந்தால் அது வட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். நல்ல தரவுத்தளங்கள் எழுதிய பிறகே விடை தரும். விடை வராவிட்டால் மறுபடி பார்ப்பதே அறிவு.

உண்மையான சிக்கல் வேறு. துடிப்பு நின்றது என்பதால் சர்வர் இறந்துவிட்டது என்று சொல்ல முடியுமா? வலைக்கம்பி மட்டும் அறுந்திருக்கலாம். காணாமற்போனவன் இறந்தான் என்று சொத்தைப் பங்கிட்ட பின் அவன் திரும்பி வந்தால் குடும்பம் என்ன பாடுபடும்! ஒரே மெய்நிகர்ப் பொறி இரண்டு இடத்தில் எழுந்து ஒரே வட்டில் எழுதினால் தரவு சிதைந்துபோகும். சர்வர் வீழ்வதைவிட இது கொடிது என்பேன். ஆகவே ஐயத்திற்குரிய சர்வரின் மின்சாரத்தை முதலில் துண்டித்துவிட்டே அதன் குடிகளை வேறிடத்தில் எழுப்பும் முறை உண்டு. லினக்ஸ் பொறியாளர்கள் இதற்கு வைத்த பெயர் ஸ்டோனித். 'அடுத்தவன் தலையில் சுடு' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம். பெரும்பான்மை உள்ள பக்கமே முடிவெடுக்கலாம் என்ற விதியும் உண்டு. இரண்டே சர்வர் இருந்தால் பெரும்பான்மை ஏது? எனவேதான் மூன்றாவது ஒரு சாட்சியைச் சேர்க்கின்றனர்.

இடமும் வேண்டுமல்லவா? தலா 256 ஜிகாபைட் நினைவகம் கொண்ட மூன்று சர்வர்கள் என்க. ஒன்று போனால் மிஞ்சுவது 512. ஆகவே நல்ல நாளிலேயே ஒவ்வொன்றிலும் சுமார் 170-க்கு மேல் குடிவைக்கலாகாது. 'மீதி வீணாகக் கிடக்கிறதே' என்று நிரப்பிவிடும் நிர்வாகங்கள் உண்டு. ஆபத்து நாளில் சில பொறிகள் எழ இடமின்றிக் கிடக்கும்.

ஒரு நொடியும் நிற்கலாகாது என்போருக்காக, மற்றொரு சர்வரில் நிழல்போல ஒரு நகலையும் வைத்திருப்பர். 2008-இல் வெளிவந்த ரெமஸ் என்னும் ஆய்வில், நொடிக்கு நாற்பது முறை வரை நிலையை நகலெடுத்துக் காட்டினர். செலவு மிகுதி. மென்பொருளிலேயே பிழை இருந்தால் நிழலும் உடன் விழும்.

இவ்வளவும் ஒரு சர்வர் வீழ்ந்தால்தான். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று எரிந்து அழிந்தது. கூட்டும் துடிப்பும் அங்கே என்ன செய்யும்? வேற்றூரில் நகல் வைத்திருந்தோர் மீண்டனர். வாடிக்கை நிறுவனம் ஒன்று காப்பு நகலுக்கும் பணம் கட்டியிருந்தது. அந்த நகலும் அதே கட்டடத்தில் இருந்ததால் சேர்ந்தே எரிந்தது. வழக்கு நீதிமன்றம் சென்றது. நகலைத் தனியிடத்தில் வைப்பதாக ஒப்பந்தம் செய்துவிட்டு அதே கட்டடத்தில் வைத்தது தவறு என்று 2023-இல் லில் வணிக நீதிமன்றம் இழப்பீடு விதித்தது. எரிந்த தரவு திரும்பவில்லை.