கானா ஷில்லிங், 1958

செம்பு-நிக்கல் கலவை நாணயம். முன்பக்கத்தில் குவாமே நிக்ருமாவின் தலை; அவரைக் கானா நாட்டை நிறுவியவர் என்று குறிக்கும் இலத்தீன் வாசகம் விளிம்பை ஒட்டி ஓடுகிறது. பின்பக்கத்தில் ஐந்து முனை நட்சத்திரம். நாட்டுக் கொடியின் நடுவிலும் இதே நட்சத்திரம் உண்டு.

கோல்டு கோஸ்ட் என்ற பிரிட்டிஷ் காலனி 1957 மார்ச் 6 அன்று கானா என்ற பெயரில் விடுதலை பெற்றது. ஆனால் நாட்டின் தலைவர் அப்போதும் அரசி இரண்டாம் எலிசபெத்தே. அவர் சார்பில் கவர்னர் ஜெனரல் அக்ராவில் இருந்தார், நிக்ருமா பிரதமர். அந்த நிலையிலேயே, வழக்கமாக அரசியின் முகம் இடம்பெறும் பக்கத்தில் பிரதமரின் முகம் பொறிக்கப்பட்டது. துணிச்சலான முடிவு இது. நாடு யாருடையது என்ற செய்தியைக் காசு சந்தைதோறும் கொண்டுசென்றது.

1960 ஏப்ரலில் நடந்த வாக்கெடுப்பில் மக்கள் குடியரசு அரசியலமைப்பை ஏற்றனர். உடன் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் ஜே. பி. டான்குவாவை நிக்ருமா வென்றார். ஜூலை 1 அன்று கானா குடியரசானது. கவர்னர் ஜெனரல் பதவி ஒழிந்தது. நாணயத்தில் முகத்தை மாற்றவேண்டிய தேவை எழவில்லை. 1965இல் சீடி என்ற புதிய பணம் வரும்வரை ஷில்லிங்கே புழங்கியது.