வண்டி நிற்குமுன் குதிப்பவர்

மாட்டுங்கா வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எக்ஸ்ரே எடுக்கும்போது உடம்பைத் தாண்டிப் போகிற கதிர் படமாகிறது. உள்ளேயே தங்கிவிடுகிற கதிர் என்ன செய்யும்?"

பதில் எங்கள் மும்பையின் அம்பர்நாத் லோக்கல் ரயிலிலேயே இருக்கிறது. எக்ஸ் கதிரை விழுங்கிய அணுவில் அடி பெரும்பாலும் உள்வட்டத்து எலக்ட்ரானுக்கு. அது வெளியேற, ஜன்னல் சீட் காலியாகிறது. நின்றுகொண்டிருந்த ஒன்று அதில் சரிந்து உட்காரும். அந்த வேகத்தில் வாசலில் தொங்கும் இன்னொன்று வெளியே தள்ளப்படும். 1922-இல் இதை முதலில் சொன்னவர் லிசே மைட்னர். மறுவருடம் தனியே கண்டுசொன்ன பியர் ஓஜேயின் பெயரே அதற்கு நிலைத்தது. அந்த அம்மாளுக்கு வந்த இழப்புகளில் இதுவும் ஒன்று.

எலக்ட்ரான்களை இழந்த மூலக்கூறில் நேர்மின்சுமைகள் ஒன்றையொன்று தள்ள, அது சிதறும். முதலில் சீட் நிரம்பும், பிறகு உடையும். இதுதான் வழக்கமான வரிசை.

எனக்குப் பிடித்தது இந்த வரிசை தவறும் இடம். 1986-இல் பிரான்ஸில் மோரினும் நென்னரும் ஹைட்ரஜன் புரோமைடை ஆராய்ந்தார்கள். அதில் புரோமினின் உள் எலக்ட்ரான் வெளியேறவில்லை; பிணைப்பைத் தளர்த்தும் மேலிடத்துக்கு ஏறியது. காலி சீட் நிரம்பச் சில ஃபெம்டோ நொடிதான் ஆகும். ஒரு நொடியைப் பத்து லட்சமாக்கி, அதில் ஒன்றை நூறு கோடியாக்கினால் ஒரு ஃபெம்டோ நொடி. அதற்குள் எடை குறைந்த ஹைட்ரஜன் கழன்று ஓடிவிட்டது, தாதரில் வண்டி நிற்குமுன் குதிப்பவரைப் போல! எப்படித் தெரிந்தது? பின்னால் வந்த எலக்ட்ரான்களில் சிலவற்றின் ஆற்றல், தனித்து நிற்கும் புரோமின் அணுவுக்கு உரியதாக இருந்தது.

இத்தகைய ஆய்வுக்கு வேண்டிய ஒளியைத் தர நம் நாட்டிலும் இந்தூரில் இந்தஸ்-1, இந்தஸ்-2 என்று, எலக்ட்ரான்கள் சுற்றும் இரண்டு வளையங்கள் உண்டு. பெரியதன் சுற்றளவு 172.5 மீட்டர். மூலக்கூறுகளை ஆராயும் ஒளித்தடங்களை அங்கே அமைத்ததில் செம்பூருக்குப் பக்கத்து டிராம்பே விஞ்ஞானிகளுக்குப் பங்குண்டு. அவர்கள் அண்டைவீட்டுக்காரர்கள் என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது.

இனி வாசகிக்கு: உடம்பில் தங்கும் கதிரும் எலக்ட்ரான்களைக் கிளப்பி, தண்ணீரையும் டி.என்.ஏ.வையும் கொஞ்சம் உடைக்கும். பெரும்பாலானதை உடம்பே சரிசெய்துகொள்ளும். டாக்டர் எழுதினால் தயங்காமல் எடுங்கள். போன மாதப் படத்தை வீட்டில் மறந்து வைத்துவிட்டு, "இன்னொன்று எடுத்தால் போச்சு" என்று மட்டும் சொல்லாதீர்கள்.